பெயரில்லாத ஏழாம் எண்

அத்தியாயம் 14

சென்ற வாரம் எர்சிலியாவைச் சமையலறை மேசையில், விரலெல்லாம் மசியோடு, கடைசித் தாளின் கடைசி வரியில் விட்டுவிட்டு வந்தோம். எழுதி முடித்துவிட்டாள், கவலை வேண்டாம்.

வழியில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். எர்சிலியாவின் கணவன் ஒத்தாவியோ ருஸ்பந்தி, ரோமாபுரியில் சினிமாவுக்கு இசை எழுதுகிறவன். எட்டு வருடமாக எழுதுகிறான், ஆனால் அவன் பெயர் ஒரு திரையிலும் வந்ததில்லை. பெரிய மேஸ்ட்ரோ அல்பெரிகோ சல்வெத்தியின் பெயரில் வெளிவந்த படங்களில் பதினேழுக்கு இசை பிறந்தது இந்தச் சமையலறையில்தான். சல்வெத்தி நல்ல மனிதர்தான். தோளில் தட்டுவார், கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புவார். வெளியே மூச்சு விடக் கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இப்போது, இந்த அறுபத்துமூன்றாம் வருட மே மாதத்தில், இயக்குநர் தஸ்ஸினாரி புண்ணியத்தில் முதல் முறையாக ஒரு படம் ஒத்தாவியோவின் சொந்தப் பெயரில் வரப்போகிறது. ஒரு விதவையின் கதை. இன்று வியாழக்கிழமை, ஒலிப்பதிவு. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை.

இசைக்குழுவில் முப்பத்துநான்கு பேர். ஒவ்வொருவருக்கும் அவரவர் வாசிக்க வேண்டியதைத் தனித்தனித் தாளில் நகல் எடுப்பது எர்சிலியாவின் வேலை. சல்வெத்திக்காக எடுக்கும் தாள்களில் இசைத்துண்டின் வரிசை எண்ணும் வாத்தியத்தின் பெயரும் மட்டும் எழுதுவாள். யார் இசை, எந்தப் படம், ஒன்றும் இருக்காது. இந்த முறை ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் 'ஒ. ருஸ்பந்தி' என்று வளைத்து வளைத்து எழுதினாள். எழுத எழுத அவளுக்குச் சிரிப்பாக வந்தது. கல்யாணத்தன்று கூட இவ்வளவு ஆசையாக அந்தப் பெயரை எழுதியதில்லை.

கட்டி முடித்த மூட்டையை ஒரு பட்டு நாடாவால் சுற்றினாள். ஈஸ்டர் சாக்லேட் முட்டையில் வந்த நாடா. பக்கத்தில் இன்னொரு மூட்டை, சணல் கயிற்றில். அது சல்வெத்தியின் அடுத்த படத்துக்கு. திங்கட்கிழமை அதற்கு ஒலிப்பதிவு. போகும்போது முடியாது, ஆனால் வருகிற வழியில் அவர் வீட்டில் கொடுத்துவிடலாம் என்று அதையும் காரில் ஏற்றினாள்.

வினை அங்கேதான் ஏறியது.

காரின் பின்சீட்டில் மாமனார் குயிரினோ. எழுபத்திரண்டு வயது. பசூன் என்கிற ஆளுயர மரக்குழல் வாத்தியத்தை ஐம்பது வருடமாக ஊதுகிறவர். மகன் இசை நடத்தும் குழுவில் அவரும் ஒருவர். மடியில் பசூன், அதன்மேல் இரண்டு மூட்டை, அதற்குமேல் க்ரீம் வழியும் ஒரு பன்.

பாலத்தில் ஏறும்போது அலறினார். "ஐயய்யோ! என்னம்மா இது?"

"பாத்தா தெரியலையா மாமா? நாடா."

"கலர் என்ன கலர்?"

"நீலம்."

"நீலமா? பிஷப்பு போட்டுக்கற கலரைப் போயி நீலங்கறியே! ஊதாம்மா, ஊதா! இன்னிக்குப் பாத்தா ஊதாவைக் கட்டுவே?"

எர்சிலியா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். எட்டு வருடமாக இந்தத் தொழிலில் கிடந்து உழல்கிறவளுக்குத் தெரியாதா? ரோமில் மேடை ஏறுகிறவர்கள், குழல் ஊதுகிறவர்கள், தந்தி மீட்டுகிறவர்கள் யாரும் ஊதா நிறத்தைத் தொட மாட்டார்கள். ஊதாச் சட்டையோடு ஒருவர் உள்ளே வந்தால் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். விளக்கு வெளிச்சத்தில் அது அவளுக்கு நீலமாகத்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் கண்ணும் கொஞ்சம் மங்கிப் போயிருக்கலாம்.

"கழட்டிப் போடுங்க மாமா, கழட்டிப் போடுங்க!"

குயிரினோ ஒரு கையால் கதவின் இரும்புப் பிடியைத் தொட்டுக்கொண்டார். இரும்பைத் தொட்டால் தோஷம் கழியும். மறு கையால் நாடாவை உருவி ஜன்னல் வழியாக ஆற்றில் வீசினார். பிறகு கட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் சணல் கயிற்றை அவிழ்த்து, பல்லால் கடித்து இரண்டாக்கி, இரண்டு மூட்டையையும் கட்டினார்.

"அப்பா, தாளுல க்ரீம் படாம பாத்துக்குங்க" என்றான் ஒத்தாவியோ, காரை ஓட்டிக்கொண்டே. அவன் முகம் கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைத்திருந்தது. ஒரு வாரமாக அப்படித்தான்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பின்சுவர் முழுக்கத் திரை. வாத்தியக்காரர்கள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒத்தாவியோ மட்டும் படத்தைப் பார்த்தபடி கையை அசைப்பான். ஒத்திகை என்பதே கிடையாது. தாளைப் பார்த்த மாத்திரத்தில் தப்பில்லாமல் வாசிப்பதுதான் அந்த ஊர்க் கலைஞர்களின் பெருமை. சிவப்பு விளக்கு எரிந்தால் படமும் ஒலிநாடாவும் ஓடத் தொடங்கிவிடும். அது அணையும்வரை யாரும் பேசக் கூடாது, நிறுத்தக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. போப்பாண்டவரே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

எர்சிலியா மூலையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நகலில் பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவதற்காக மசிக்கூடும் பேனாவும் மடியில்.

முதல் எண்ணிலிருந்து ஆறாம் எண் வரை ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொன்று முடிந்ததும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் தஸ்ஸினாரியைப் பார்ப்பாள். அவர் அதிமதுரக் குச்சியை மென்றுகொண்டு, "ம்" என்பார். ஆறு எண்ணுக்கு ஆறு "ம்". "நல்லா இருக்கு" என்ற வார்த்தை மட்டும் அந்த வாயிலிருந்து வருவேனா என்றது.

பதினொன்றே கால் மணிக்குத் தஸ்ஸினாரி வெளியே வந்தார். அழுக்குக் கம்பளிச் சட்டை, கையில் நசுங்கிய தொப்பி.

"ஒத்தாவியோ, தப்பா எடுத்துக்காதே. நல்லாத்தான் எழுதியிருக்கே. எங்கயும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா கேட்டா எனக்கு ஒண்ணுமே ஆகமாட்டேங்குதுய்யா."

ஒத்தாவியோ முன்னாலிருந்த தாள்களை அடுக்கினான்.

"ஏழைப் பாக்கலாம். சவ ஊர்வலம். படத்தோட உசிரே அங்கதான். அதுலயும் ஒண்ணும் ஆகலேன்னா..." தொப்பியைத் திருகினார். "தயாரிப்பாளர் சல்வெத்தியைப் பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லிட்டார். எனக்குக் கொஞ்சங்கூட இஷ்டமில்ல. ஆனா படம் அவர் பேருக்குப் போயிடும்."

ஒத்தாவியோ மனைவியிடம் வந்து காதோடு சொன்னான். "அப்பவும் எழுதப்போறது நான்தான் எர்சிலியா. பேரு மட்டும் போயிடும்."

சிரிக்கத்தான் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை. எர்சிலியா அந்தப் பாழாய்ப்போன நாடாவை நினைத்துக்கொண்டு மசிக்கூட்டின் இரும்பு மூடியை இறுகத் தொட்டாள்.

"ஏழாம் எண்!" என்று கூடத்துப் பணியாளர் தாள்களை விநியோகித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஒரு சவப்பெட்டி சந்துக்குள் திரும்பியது. பின்னால் கறுப்பு உடையில் விதவை. ஒத்தாவியோ கையை உயர்த்தி, சவ ஊர்வலத்துக்கே உரிய நிதானத்தில் மெல்ல இறக்கினான்.

பசூன் பேசியது.

பசூனா! எர்சிலியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஏழில் முதலில் வயலின்கள் அல்லவா வரவேண்டும்? அவளே நகல் எடுத்தவள். பசூனுக்கு நாற்பத்திரண்டு தாள வட்டம் சும்மா இருக்கும் வேலை. அடுத்து மாண்டலின் ஒன்று விக்கியது. ஒரு கிளாரினெட் வழுக்கி விழுந்து எழுந்தது.

இது சல்வெத்தியின் ஏழு!

சல்வெத்தியின் படம் ஒரு கோமாளிக் கதை. அதில் குண்டு ரோமானியத் தளபதி ஒருவன் குளிக்கும்போது திருடன் துணியைக் கொண்டுபோய்விடுவான். தளபதி இடுப்பில் துண்டோடு, ஒன்றுமே நடக்காதது போல் மார்பை நிமிர்த்திக்கொண்டு சந்தை நடுவே நடந்து வீடு போவான். அந்த நடைக்கு எழுதிய இசை. ஒத்தாவியோ ஒரே மத்தியானத்தில், தானும் சிரித்துக்கொண்டு எழுதியது.

அந்தத் துண்டு கட்டிய தளபதியின் இசை இப்போது ஒரு விதவையின் தலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஒத்தாவியோவின் முகத்தில் ஈயாடவில்லை. முன்னால் விரித்திருந்த தாள் வேறு, காதில் விழுவது வேறு. ஆனால் சிவப்பு விளக்கு எரிகிறதே! கை அதுபாட்டுக்கு நாலு தட்டு தட்டிக்கொண்டே போனது. தன் பாட்டு தனக்குத் தெரியாதா? ஒன்று மட்டும் மாறியிருந்தது. துள்ளி ஓடவேண்டிய இசை சவ ஊர்வல வேகத்தில், பாதியாகக் குறைந்து, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தது.

எர்சிலியா தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள். விதவை முதுகை நிமிர்த்தி நடக்கிறாள். ஊரே பார்க்கிறது. விழுந்துவிடக் கூடாது, அழுதுவிடக் கூடாது என்று நடக்கிறாள். பசூனும் அப்படியே நடந்தது.

அந்தக் காட்சி முடிய இன்னும் இருபது விநாடி இருக்கும்போதே இசை முடிந்துபோயிற்று. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் அவள் மட்டும் நடந்துகொண்டிருந்தாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

தஸ்ஸினாரி கதவை மோதித் திறந்துகொண்டு ஓடிவந்தார். முகமெல்லாம் கண்ணீர். சிரிப்பும் வந்தது, இரண்டும் சேர்ந்து விக்கலாகிவிட்டது.

"எங்கம்மாய்யா! எங்கப்பாவைப் புதைக்கப் போனப்ப எங்கம்மா இப்படித்தான் நடந்தா. கடன் வாங்கின செருப்பு, கடிச்சுத் தொலைச்சிருக்கு. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஊருக்குக் காட்டாம நடந்தா. அடப்பாவி, இதை வச்சுக்கிட்டா அந்த ஆறையும் வாசிச்சுக் காமிச்சே?"

"அந்தக் கடைசி இருபது விநாடி..." என்று ஒத்தாவியோ திணறினான்.

"அதுல கையை வச்சே, கையை ஒடிச்சுடுவேன்! அந்தச் சும்மா இருக்கறதுதான்யா எல்லாம். ஒரு தடவை பிசிறில்லாம எடுத்துடலாம். படம் உன்னோடது. பேரு கொட்டை எழுத்துல போடச் சொல்றேன். அந்த ஆறையும் இதே மாதிரி மாத்திக் குடு. கால் மணி நேரம் காபி!"

தஸ்ஸினாரியும் வாத்தியக்காரர்களும் காபிக்குக் கிளம்பினார்கள். எர்சிலியா ஓடிப்போய் முதல் வயலின்காரரின் தாளை எடுத்துப் பார்த்தாள். எண் இருக்கிறது, வாத்தியம் இருக்கிறது. வலது மூலை வெறுமை.

"என் தப்புதான்" என்றாள். "ஊதாவைக் கட்டி, அதை அவுத்து, எல்லாம் கலந்துபோச்சு. நானே தொலைச்சுட்டேன்."

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றார் குயிரினோ. அவர் காபிக்குப் போகவில்லை. மீசையில் இன்னும் க்ரீம். "கயிறு கட்டறப்ப நான்தான் மாத்தினேன்."

இருவரும் திரும்பினார்கள்.

"அப்பா!"

"கத்தாதே. அந்த ஏழுல எனக்கு என்ன எழுதியிருந்தே? நாப்பத்திரண்டு தாள வட்டம் சும்மா உக்காரு, அப்பறம் ஒரே ஒரு ஸ்வரம் ஊது, மறுபடி சும்மா உக்காரு. அதுக்கு ஒரு பசூன்காரன் எதுக்கு? கதவு கிறீச்சிட்டாப் போதுமே!"

"இதுக்காகவா? உங்க பசூனுக்காகவா என் பொழப்பைப் பணயம் வச்சீங்க?"

"பாதி அதுக்காகத்தான். நான் என்ன மகானா?" குயிரினோ மீசையைத் துடைத்துக்கொண்டார். "மீதியையும் கேட்டுக்கோ. சொந்தப் பேருன்னதும் நீ கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கிட்டு எழுதற. சங்கீதப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பூரா பேரும் பக்கத்துல உக்காந்து மார்க் போடற மாதிரி. சல்வெத்தி பேருக்குன்னா பனியனோட எழுதற. ஒரு வாரமா சமையல்கட்டுல இதை வச்சு ஊதிப் பாத்துட்டேன். உன் ஏழு வாயிலயே நிக்கல. சல்வெத்திக்கு எழுதின ஏழு வாயை விட்டு இறங்கமாட்டேங்குது."

ஒத்தாவியோ அப்பாவின் முன்னால் இருந்த தாளைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ஆனா இது அவருக்குக் குடுத்தது. போன வாரமே பியானோவுல வாசிச்சுக் காமிச்சாச்சு. அவருக்குத் தெரியும்."

"குடுத்தாச்சா? மூட்டை இன்னும் நம்ம கார்லதானே இருக்கு?" என்றாள் எர்சிலியா.

"வார்த்தை குடுத்திருக்கேன்."

"என்ன வார்த்தை? அவருக்கு எழுதறேன்னு யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு. சொல்லாதே. யாரு சொல்லச் சொன்னா? அவருக்கு வேற ஏழு எழுதிக் குடு. எட்டு வருஷமா பேரில்லாத தாள் எழுதி எழுதி என் விரல் மரத்துப் போச்சு ஒத்தாவியோ. எனக்கு ஆசையா இருக்காதா?"

அவன் அவள் விரலைப் பார்த்தான். மசி நகத்துக்குள் போய்ப் பல வருடமாகிறது. அவன் பதில் சொல்வதற்குள் கூடத்துக் கதவு திறந்தது.

வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் காலணி, நல்ல அத்தர் வாசனை. அல்பெரிகோ சல்வெத்தி. பன்னிரண்டுக்கு வரவேண்டியவர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தபோது வெளித் தாழ்வாரத்தில்தான் நின்றிருக்கிறார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? உள்ளே வரும்போதே அந்தத் துண்டு கட்டிய தளபதியின் மெட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார்.

"வாங்க மேஸ்ட்ரோ!" என்று பின்னாலேயே காபிக் கோப்பையோடு வந்த தஸ்ஸினாரி குதூகலமாகக் கையைப் பற்றினார். "உங்களை வீணா வரவழைச்சுட்டோம். இனி தேவைப்படாது. கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன். ரொம்ப அழகு." சல்வெத்தி புன்னகை மாறாமல் ஒத்தாவியோவைப் பார்த்தார். "எங்கயோ கேட்ட மாதிரியும் இருக்கு. யாரோடது தம்பி?"

குயிரினோ பசூனின் விசைகளில் இரும்பைத் தேடித் தேடித் தொட்டார். ஒத்தாவியோ கழுத்து டையைத் தளர்த்தினான். கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"என்னோடது மேஸ்ட்ரோ" என்றான்.

எட்டு வருடத்தில் அவன் சொன்ன மிகச் சிறிய வாக்கியம் அதுதான். எர்சிலியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மசிக்கூட்டைத் திறந்தாள். முதல் வயலினில் தொடங்கி, ஒவ்வொரு தாள்தாங்கியாகக் குனிந்து, ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் எழுதிக்கொண்டே போனாள். ஒ. ருஸ்பந்தி. ஒ. ருஸ்பந்தி. காபி குடித்துவிட்டு வந்தவர்கள் மசி காய்வதற்காகத் தாளை ஊதிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முப்பத்துமூன்று ஆயிற்று. முப்பத்துநான்காவது, பசூன் தாள். அவள் போவதற்குள் வெள்ளைக் கோட்டுக்குள்ளிருந்து நீண்ட ஒரு கை அதை எடுத்துவிட்டது.

"ஒரு ஞாபகத்துக்கு வச்சுக்கறேனே" என்றார் சல்வெத்தி. பெயரில்லாத தாளை நாலாக மடித்து உள்பைக்குள் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு வரேம்மா எர்சிலியா. நாம கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

தொப்பியைச் சரி செய்துகொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"மாமா, உங்க தாள்!" என்றாள் எர்சிலியா.

"போனாப் போகட்டும் போ. ஒரு வாரமா இதைத்தானே ஊதறேன்."

மணி அடித்தது. சல்வெத்தியின் கை கதவுப் பிடியில் பட்ட நேரம், தலைக்குமேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

இனிக் கதவைத் திறக்க முடியாது. மேஸ்ட்ரோவானாலும் சட்டம் சட்டம்தான். நின்ற இடத்தில் நின்றார்.

குயிரினோ வெறும் தாங்கியின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். மாண்டலின் வந்தது. கிளாரினெட் வழுக்கியது, எழுந்தது. திரையில் விதவை முதுகை நிமிர்த்தி நடந்தாள். டை இல்லாத ஒத்தாவியோ தோளெல்லாம் தளர்ந்து, வீட்டுச் சமையலறையில் இருப்பவன் போலக் கை அசைத்துக்கொண்டிருந்தான்.

எர்சிலியா கதவருகே பார்த்தாள். சல்வெத்தி உள்பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார். முகத்தில் புன்னகை இல்லை, கோபமும் இல்லை. ஆனால் அந்த வெள்ளைக் காலணியின் நுனி, அவரைக் கேட்காமலே, தாளம் போட்டுக்கொண்டிருந்தது.